கூடிக் கற்ற மெய்ந்நூல்

சித்தாந்த சாத்திரம் கற்க விழையும் அன்பர் பலர், கற்பிக்கும் ஆசிரியர் அண்மையில் இல்லையே என்று வருந்துவதுண்டு. வருத்தம் நியாயமானதே. ஆயினும் ஆசிரியர் வாய்க்கும்வரை நூலைத் திறவாதிருத்தல் நம் முன்னோர் கொண்ட நெறியன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்வியை நான்கு கூறாக்கிக் காட்டுவார். ஆசான் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்கூறே. உடன்பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும் என்பது அவர் கணக்கு. ஆசிரியர் பங்கு கால் எனின், முக்கால் பங்கு கூடிப் பயில்வதிலும் எடுத்துரைப்பதிலும் கிடக்கின்றது. இக்கணக்கை நம்மில் பலர் மறந்துவிட்டனர்.

தென்பாண்டிக் கடற்கரை இதனை மறவாதிருந்த காலம் ஒன்று உண்டு. முத்தும் சங்கும் உப்பும் விளையும் தூத்துக்குடியில் 1883ஆம் ஆண்டில் சைவ சித்தாந்த சபை தோன்றிற்று. மூன்றாண்டு கழித்து, 1886இல், பாளையங்கோட்டையில் சைவ சபை நிறுவப்பெற்றது. இத்தகைய சபைகளில் கூடியோர் மடத்துத் துறவியர் மட்டும் அல்லர். பகற்பொழுதெல்லாம் தத்தம் தொழிலில் ஈடுபட்டிருந்த இல்லறத்தாரும் கூடினர். ஒருவர் நூலை வாசிப்பார். ஒருவர் பொருள் கூறுவார். ஏனையோர் ஐயம் வினவுவர். தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. ஆயினும் அக்கல்வி ஆழமுடையதாயிற்று.

அதற்குக் காரணம் நூலின் அமைப்பிலேயே உள்ளது. மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் ஆயது. மொத்தம் நாற்பதே அடிகள். ஒவ்வொரு சூத்திரமும் அதிகரணங்களாகப் பகுக்கப்பெற்றுள்ளது. அதிகரணத்தில் முதலில் மேற்கோள் நிற்கும். அடுத்து அதற்குரிய ஏது வரும். பின்னர் எடுத்துக்காட்டாக வெண்பா அமையும். இன்னது உண்மை என்று கூறுதல், ஏன் என்று வினவுவார்க்குக் காரணம் காட்டுதல், விளங்கவில்லை என்பார்க்கு உவமை தருதல் என்னும் இம்முறை, எதிரே ஒருவர் இருந்து வினவுவதை எண்ணியே வகுத்தது போலும். உமாபதி சிவம் அருளிய வினாவெண்பாவும், மனவாசகங்கடந்தார் அருளிய உண்மை விளக்கமும் வினாவையே அடிப்படையாகக் கொண்டன.

முதற் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றுதல், நிற்றல், ஒடுங்குதல் என்னும் மூவகைத் தொழிலுடையது. ஆதலின் அதனைத் தோற்றுவிப்பான் ஒருவன் உளன் என்பது அதன் கருத்து. வழக்கமாகக் கூறப்பெறும் உவமை குடமும் குயவனும் ஆகும். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அவ்வாறே மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவபெருமான் நிமித்த காரணம் என்பர்.

இதனைத் தூத்துக்குடியில் ஓர் உப்பளத் தொழிலாளி கேட்டிருக்கின்றார் என்று கொள்வோம். அவர் வினவுவார்: "ஐயா, குடத்துக்குக் குயவன் வேண்டும், சரி. உப்பு தானே விளைகின்றது. பாத்தியில் நீர் நிற்கின்றது, வெயில் காய்கின்றது, உப்பு படிகின்றது. இங்கே செய்தவன் யார்?" எளிய வினாவன்று இது, உலகம் இயல்பாகவே உண்டாயிற்று என்னும் உலகாயதர் கட்சியே உப்பளத்தின் வழியாக வந்து நிற்கின்றது. விடை கூறுவார் உடனே சினவாது, அவரையே திரும்ப வினவுதல் வேண்டும். பாத்தி கட்டியவர் யார்? நீரைத் தக்க அளவில் பாய்ச்சியவர் யார்? கடல் என்றும் உள்ளது, வெயில் என்றும் உள்ளது. ஆயினும் கடற்கரை முழுவதும் உப்புக் குவியலாக இல்லையே, ஏன்? அறிவில்லாப் பொருள்கள் பல இருந்தாலும், அவற்றை உரிய காலத்தில் உரிய முறையிற் கூட்டுவிக்கும் அறிவுடைப் பொருள் வேண்டும் என்பது அப்பொழுது அவர் வாயிலாகவே வெளிப்படும்.

அவ்வளவில் முடிவதில்லை. அவ்வுப்பே வேறொரு கதவையும் திறக்கின்றது. உப்பு இல்லாததிலிருந்து தோன்றியதா? அன்று, கடல்நீரில் கட்புலனாகாது இருந்தது, பின் புலனாயிற்று. எதிர்பாராது பெய்யும் மழையிற் கரைந்த உப்பு அழிந்ததா? அன்று, மீண்டும் ஒடுங்கிற்று. உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்னும் சற்காரிய வாதத்தை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை நீரில் உப்பிடச் செய்து, மறுநாள் அதனைத் தேடச்சொல்லி உணர்த்தியதும் உப்பைக் கொண்டே. குடத்தை மட்டும் சொல்லிச் சென்றிருந்தால் அக்கூட்டத்திற்கு இவ்விளக்கம் கிட்டியிராது. வினவியவரே ஈந்த கொடை அது.

ஆயினும் கூடிப் பேசுவதெல்லாம் கல்வியாகிவிடாது. வெல்வதற்கே பேசுவோர் சிலர். நூலைப் பாராமலே தீர்ப்புக் கூறுவோர் சிலர். முன்னவரினும் பின்னவரால் விளையும் கேடு பெரிது. சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற மூத்த ஆசிரியர், இளைஞராகிய மெய்கண்டாரை வாதில் மடக்கக் கருதிச் சென்று, ஆணவ மலத்தின் வடிவம் யாது என வினவினார். மெய்கண்டார் வாய் திறவாது அவரை மேலும் கீழும் நோக்கியருளினார் என்பது வரலாறு. நின்ற நிலையே விடை என்று உணர்ந்தவர் அடிபணிந்து அருணந்தி சிவம் ஆனார். பின்னர்ச் சிவஞான சித்தியாரும் இருபா இருபஃதும் அருளினார். கூடிக் கற்கும் அவையில் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே அவ்வாறு ஒருமுறை மேலும் கீழும் நோக்கிக்கொள்வது நலம்.

முத்துக்குளிப்பில் கல்லைக் கட்டி ஆழத்தில் இறங்குவோன் ஒருவன். படகில் கயிறு பிடிப்போன் மற்றொருவன். மூச்சு அடங்கும் முன் கயிறு அசையும், மேலிருப்பவன் தூக்கிவிடுவான். மன்னார் வளைகுடாவில் 1961ஆம் ஆண்டோடு அத்தொழில் நின்றுபோயினும், தனித்து ஆழ்ந்தோர் நிலை யாதென்பதை இக்கரையார்க்குச் சொல்லவேண்டுவதில்லை. தத்துவ நூலைத் தனித்துக் கற்று, ஒரு சொல்லைத் தவறாகப் பற்றி, பல்லாண்டு அதிலேயே அழுந்திக் கிடந்தோர் உண்டு.

கூட்டமே வாய்க்காத இடத்தில் என் செய்வது? வ.உ.சிதம்பரம் பிள்ளை வாழ்வில் அதற்கு விடை உண்டு. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்து, தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்டு, 1908இல் தண்டனை பெற்றுச் சிறைபுகுந்தவர் அவர். முன்னரே வள்ளிநாயக சுவாமிகளிடம் மெய்ந்நூற் பயிற்சி பெற்றிருந்தார். கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகள் நன்னெறி கேட்க, அவர்க்கு உரைத்தவற்றை வெண்பாவாக்கினார்; அதுவே 'மெய்யறிவு' என்னும் நூல். சபையும் ஏடும் இல்லாத இடத்தில், பவணந்தியார் கூறிய அந்த அரைக்கூறு அவருக்கு அங்கே நிரம்பிற்று எனலாம். முதுமையில் தூத்துக்குடிக்கே மீண்டு, 1935இல் சிவஞானபோதத்திற்கு உரை வெளியிட்டார். மறு ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் அந்நகரிலேயே மறைந்தார்.

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மலம் நீங்கிய ஞானியும் அன்பரொடு கூடியிருந்து, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுக என்று விதிக்கின்றது. ஞானம் கைவந்தவர்க்கே கூட்டம் வேண்டும் என்றால், தொடங்குவார்க்கு எவ்வளவு வேண்டும்! பாகம்பிரியாள் உடனுறை சங்கரராமேசுவரர் ஆலயத்திலோ, அவரவர் ஊர்க் கோயிலிலோ, பிரதோட வழிபாடு முடிந்தபின் நால்வர் அமரலாம். ஒருவர் வாசிக்க, ஒருவர் பொருள் சொல்ல, இருவர் வினவலாம். விடை காணாத ஐயத்தை ஏட்டில் குறித்துவைத்து, கற்றார் வரும்போது கேட்கலாம். முதற் சூத்திரம் மூன்றே அடி; ஒரு மாலைக்கு அதுவே மிகுதி.