கத்தரிக்குத் தப்பும் வைரஸ்: ஜீன் குளோனிங் பாடத்திற்கு ஒரு செயல்பாடு

பத்தாம் வகுப்பில் ஜீன் குளோனிங் நடத்தும்போது, டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகளை 'மூலக்கூறு கத்தரி' என்கிறோம். "பாக்டீரியாவுக்குக் கத்தரி எதற்கு? அது தன் டி.என்.ஏ.வையே வெட்டிக்கொள்ளாதா?" என்று மாணவர் கேட்டால், அக்கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் ஃபேஜ்கள் எனப்படும். மேட்டூர் அணை நீர் உட்பட இயற்கை நீர்நிலைகள் எல்லாவற்றிலும் அவை உண்டு. உள்ளே நுழையும் ஃபேஜின் டி.என்.ஏ.வை வெட்டவே இந்த நொதி. தன் டி.என்.ஏ.வில் மெத்தில் தொகுதிகளை ஒட்டி, பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்கிறது.

மியூ என்னும் ஃபேஜ் இந்தக் காவலையும் ஏமாற்றுகிறது. அதன் 'மாம்' ஜீன் உருவாக்கும் நொதி, ஃபேஜ் டி.என்.ஏ.வின் அடினைன்களில் சுமார் 15 சதவீதத்தை வேதிமாற்றம் செய்கிறது. அதன்பின் பல ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகளால் அதை வெட்ட முடிவதில்லை.

இந்த ஜீனைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வி. நாகராஜா குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். மாம் புரதம் பாக்டீரியாவுக்கு நச்சு. எனவே குளோனிங் செய்யும்போது, ஜீனைப் பிளாஸ்மிட்டில் இணைத்தால் மட்டும் போதாது. அது எப்போது செயல்பட வேண்டும் என்பதையும் கட்டுப்படுத்த வேண்டும். ஃபேஜும் அதையே செய்கிறது. 'சி' என்னும் புரதம் ஜீனுக்கு முன்னுள்ள டி.என்.ஏ.வில் அமர்ந்து திருகை மாற்றிய பிறகே, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் வேலையைத் தொடங்குகிறது. குறுவைக்கு ஜூன் 12 வரை மேட்டூர் மதகுகள் காத்திருப்பதுபோல, தொற்றின் இறுதிக் கட்டம்வரை இந்த ஜீன் காத்திருக்கிறது.

செயல்பாடு

1. இரண்டு காகிதப் பட்டைகளில் ஒரே டி.என்.ஏ. வரிசையை எழுதச் செய்க. ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்களில் மட்டும் 'சி ஏ ஜி சி டி ஜி' வரட்டும். கீழ்வரிசையில் இணைக் காரங்களை எழுதுக.

2. முதல் பட்டையில், அந்த ஆறு எழுத்துகளின் நடுவே வெட்டுக. பிவியூ-2 என்னும் நொதி இவ்வாறே வெட்டுகிறது.

3. இரண்டாம் பட்டையில், அந்த இடங்களில் இரு வரிசைகளிலும் உள்ள 'ஏ' மீது பொட்டு ஒட்டுக. பொட்டு உள்ள இடத்தில் வெட்டக் கூடாது.

முதல் பட்டை மூன்று துண்டாகும். இரண்டாவது முழுதாக இருக்கும்.

மதிப்பீடு

அ) எழுத்துகளின் வரிசை மாறியதா?
ஆ) மாம் ஜீன் தொற்றின் தொடக்கத்திலேயே செயல்பட்டால், ஃபேஜுக்கு என்ன இழப்பு?