சொன்னவர் யார்?
(ஆய்வில் தகவல் திரட்டலும் குறித்தலும்)

ஆய்வு மாணவர் ஒருவர் தலைப்பைத் தேர்ந்து நெறியாளரின் இசைவைப் பெற்றதும் முதலில் செய்வது ஒரு குறிப்பேடு வாங்குவதுதான். அக்குறிப்பேட்டில் அவர் எழுதும் முதல் செய்தியை எங்கிருந்து எடுத்தார் என்பதிலேயே அவருடைய ஆய்வின் தரம் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம் என்னும் பாகுபாட்டை நம் மாணவர்கள் தேர்வில் பிழையின்றி எழுதிவிடுகின்றனர். ஆனால் தாம் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லச் செய்து, அஃது எவ்வகை ஆதாரம் என்று கேட்டால் விடை வருவதில்லை. ஆகவே நம் ஊர்ச் செய்தி ஒன்றையே எடுத்துக்கொண்டு இப்பாடத்தைக் காண்போம்.

திருப்பூரின் முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கியவர் குலாம் காதர். அதன் பெயர் பேபி நிட்டிங். தொடங்கிய ஆண்டு 1925. இச்செய்தியை நூல்களிலும் நாளிதழ்களிலும் வணிக மலர்களிலும் காண்கிறோம். இந்தியப் பின்னலாடைத் தொழில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் தோன்றியது என்பதால், கல்கத்தாத் தொடர்பையும் இதனோடு இணைத்துக் கூறுவர். நம் சமுதாயத்தவர் ஒருவர் இத்தொழிலுக்கு வித்திட்டார் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அப்பெருமையே நம்மைச் சோம்பச் செய்துவிடக்கூடாது. 1925 என்பது பொறி வாங்கிய ஆண்டா, முதல் பனியன் விற்பனையான ஆண்டா, கம்பெனி பதிவான ஆண்டா? ஒரு மாணவர் தம் ஆய்வேட்டில் இச்செய்தியை எழுதி அடிக்குறிப்பில் ஒரு நூலைக் காட்டுகிறார். அந்நூலைப் புரட்டினால் அது வேறொரு மலரைக் காட்டுகிறது. மலரோ எதனையும் காட்டுவதில்லை. பத்து நூல்களில் உள்ளது என்பதால் பத்துச் சான்றுகள் கிடைத்துவிட்டன என்று கருதலாகாது. பத்துப் பேரும் ஒருவரையே பார்த்து எழுதியிருப்பின் சான்று ஒன்றே.

இந்நெறி மேலைநாட்டு ஆய்வியல் நூல்கள் வழியாகத்தான் நமக்கு வந்தது என்று எண்ண வேண்டுவதில்லை. நபிமொழிகளைத் திரட்டிய அறிஞர்கள் ஒவ்வொரு மொழிக்கும் இரு பகுதிகளைக் கண்டனர். ஒன்று மத்னு, அதாவது சொல்லப்பட்ட பொருள். மற்றொன்று இஸ்னாது, அதாவது இன்னார் இன்னாரிடம் கேட்டு இன்னாருக்குச் சொன்னார் என்னும் அறிவிப்பாளர் வரிசை. இமாம் புகாரி (ரஹ்) (கி.பி. 810–870) ஊர் ஊராகப் பயணம் செய்து கேட்டவற்றை இவ்வரிசையைக் கொண்டே தேர்ந்தெடுத்தார். சொன்னவர் நல்லவர் என்பது மட்டும் போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. அவர் நினைவாற்றல் உடையவரா, தாம் கேட்டதாகக் கூறுபவரை நேரில் சந்தித்தவரா என்பவையும் ஆராயப்பட்டன. அறிவிப்பாளர்களின் வாழ்வை ஆராய்வதே தனிக்கலையாக வளர்ந்தது. தமிழிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தாம் பதிப்பித்த நூல்களின் முகவுரைகளில் ஏடு உதவியவர்களைக் குறித்து வைத்தார். நன்றியறிதலாக நாம் படித்துக் கடந்துவிடும் அப்பகுதி, உண்மையில் ஏட்டின் வரலாறும் ஆகும்.

படிக்கும்போதே குறிக்க வேண்டும் என்பதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகக் கடற்கரை ஊர் ஒன்றில், ஓர் இல்லத்துப் பரணில் இருந்த பழைய முனாஜாத்து அச்சுப் பிரதியைக் கண்டோம். பாடல்களை ஒரு நாள் முழுதும் எழுதினோம். முகப்புப் பக்கத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். மறுமுறை சென்றபோது வீடு இடிக்கப்பட்டிருந்தது. அச்சிட்ட இடமும் ஆண்டும் அறியப்படாத அப்பாடல்களை ஆய்வேட்டில் எங்கும் பயன்படுத்த இயலவில்லை. அன்றுமுதல் முகப்புப் பக்கத்தை எழுதிய பிறகே நூலுக்குள் நுழைகிறோம். ஓர் அட்டைக்கு ஒரு செய்தி. மேல் மூலையில் நூல், பதிப்பு, பக்கம். நூலாசிரியர் சொற்களானால் மேற்கோள் குறி, நம் கருத்தானால் வேறு நிற மை. அட்டைக்குப் பதிலாகக் கணிப்பொறியில் எழுதினாலும் இவ்வொழுங்கு மாறுவதில்லை.

நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் தேடுவோர்க்கு ஒரு குறிப்பு. திருப்பூர் மாவட்டம் 2009இல் உருவானது. அதற்கு முற்பட்ட ஆவணங்களைத் திருப்பூர் என்னும் தலைப்பில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கோயம்புத்தூர் மாவட்டத்தின்கீழ்த் தேட வேண்டும். தாராபுரம், காங்கேயம் பகுதிகளாயின் 1979 முதல் பெரியார் மாவட்டத்திலும், பின்னர்ப் பெயர் மாறிய ஈரோடு மாவட்டத்திலும் காண வேண்டும். ஆட்பெயர்களும் அவ்வாறே. காதர், காதிர், காதிறு என ஒரே பெயர் மூவகையாய் எழுதப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்தில் இன்னும் பல வகை.

நூலில் இல்லாதது மக்கள் நாவில் உள்ளது. நம் மாணவ மாணவியர் பலரின் பெற்றோர் பனியன் கம்பெனியில் உழைப்பவர்கள். கைமடி, பிசிர் வெட்டுதல், அடுக்கிக் கட்டுதல், செக்கிங், ஓவர்லாக், பேட்லாக், பீஸ் ரேட் என்று இத்தொழிலுக்கென ஒரு சொல்லுலகமே இருக்கிறது. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொழிற்சொல் அகராதி வரிசையில் 1962இல் உழவுச் சொற்களையும் 1971இல் கைத்தறிச் சொற்களையும் வெளியிட்டார். கொங்கு வட்டாரச் சொற்களைப் பெருமாள்முருகன் 2000இல் அகராதியாக்கினார். பனியன் தொழிலின் சொற்களைத் திரட்ட நம் மாணவரைவிடத் தகுதியானவர் யார்?

ஆனால் அவர்கள் கொணர்ந்த முதல் பட்டியலைக் கண்டு நாம் வருந்தினோம். ‘கைமடி’ என்பது ‘கையால் மடிப்பவர்’ என்று திருத்தப்பட்டிருந்தது. ‘பேட்லாக்’ என்பது ‘பிளாட்லாக்’ ஆகியிருந்தது. தமிழ்த்துறை மாணவர் அல்லவா, பிழை திருத்திவிட்டனர்! களத்தில் கேட்டதைக் கேட்டவாறே எழுத வேண்டும். விளக்கத்தை அடுத்த வரியில் எழுதலாம். அம்மா சொன்ன சொல்லைத் திருத்தி எழுதிய அந்நொடியிலேயே அந்த அட்டை சான்று என்னும் தகுதியை இழந்துவிடுகிறது.

சொல்லைத் திரட்டுவதினும் நினைவைத் திரட்டுவது அரிது. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் 127 நாள்கள் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் பங்கேற்ற தொழிலாளி ஒருவரையும் அக்காலத்தில் கம்பெனி நடத்திய முதலாளி ஒருவரையும் கேட்டால் இரு வேறு வேலைநிறுத்தங்களைப் பற்றிக் கேட்பது போன்றிருக்கும். ஒருவரைப் பொய்யர் என்று தள்ளுதல் ஆய்வாளர் பணியன்று. இருவர் கூற்றையும் தனித்தனி அட்டையில் எழுதி, அக்காலச் செய்தித்தாள்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். திருப்பூரை ஆராய்ந்து 2004இல் நூல் வெளியிட்ட சரத் சாரி, உழைப்பால் உயர்ந்தோம் என்று உடைமையாளர்கள் கூறிய விடையை அப்படியே முடிவாகக் கொள்ளவில்லை. அவ்வாறு ஏன் கூறுகின்றனர் என்பதையே ஆய்வுப் பொருளாக்கினார். கேள்விக்கு வரும் விடையும் ஒரு தகவல், அவ்விடையைத் தேர்ந்த காரணமும் ஒரு தகவல் என்பதை அங்கே கற்கலாம்.

பேட்டிக்குச் செல்வோர் ஷிப்டு நேரத்தில் சென்று யாருடைய கூலியையும் குறைத்துவிடலாகாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிற்குச் செல்க. கைப்பேசியில் பதிவு செய்யுமுன் இசைவு கேட்க. பெயர் வேண்டாம் என்றால் பெயரை எழுதற்க. ஆனால் வயது, செய்த வேலை, எத்தனை ஆண்டு செய்தார், சொல்வதைத் தாமே கண்டாரா பிறர் சொல்லக் கேட்டாரா என்பவற்றை விடாது எழுதுக. முதல் தலைமுறைத் தொழிலாளரிடம் நேரில் கேட்டவர்களே இன்று முதுமையின் எல்லையில் இருக்கின்றனர். வரிசையின் அந்தக் கண்ணி அறுந்தால் பின்னர் எந்தக் காப்பகத்திலும் அதனை ஒட்ட இயலாது.

சென்ற பருவத்தில் மாணவர் ஒருவர் பழைய காகிதக் கடையில் எடைக்குப் போட்டிருந்த கணக்கேடு ஒன்றைக் கொண்டுவந்தார். ஏதோ ஒரு பனியன் கம்பெனியின் கூலிக் கணக்கு. முன்பக்கங்கள் இல்லை, எனவே கம்பெனியின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் தமிழ் மாதமும் தேதியும் கிழமையும் இருந்தன. ஒரே மாதத்தின் ஒரே தேதி ஒரே கிழமையில் வருவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். பழைய பஞ்சாங்கங்களோடு ஒப்பிட்டு, வரமுடியாத ஆண்டுகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருக்கிறோம். உருவாவில் எழுதிய கூலிக்குப் பின் ‘ந.பை.’ என்றிருப்பதால் 1957க்கு முற்பட்டதன்று என்பது மட்டும் உறுதி. ஏட்டைப் படியெடுத்துத் துறை நூலகத்தில் வைத்துள்ளோம். அதனைக் கடையில் போட்டவர் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதிவருமாறு அம்மாணவரை மீண்டும் அனுப்பியிருக்கிறோம்.