வலி இருந்தாலும் மனசு நம்ம கையில்

காலையில் பெரட்டுக்குப் போகும்போதே இடுப்பு வலி. கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினால் கழுத்தும் சேர்ந்து வலிக்கும். டிஸ்பென்சரி மருந்து, தைலம், பத்து எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. "இன்னும் போகலையா? நடிக்கிறாளோ?" என்று வீட்டிலேயே பேச்சு வந்துவிட்டால் வலி இரண்டு மடங்காகிறது. இப்படிக் கஷ்டப்படும் அக்காமார், அண்ணன்மார் நம் லயங்களில் பலர். இந்தப் பாடம் அவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும்.

வலி ஏன் நீடிக்கிறது?

3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்புகள் வலியைச் சொல்லிக்கொண்டே இருப்பதுண்டு. அது நடிப்பு அல்ல, உண்மையான வலிதான்.

கனடாவைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக், இங்கிலாந்தைச் சேர்ந்த பற்றிக் வோல் என்ற இரு அறிஞர்கள் 1965இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். முதுகுத்தண்டில் ஒரு கதவு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலிச் செய்தி அதைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது. பயமும் கவலையும் அந்தக் கதவை அகலமாகத் திறக்கும். தடவிக் கொடுப்பதும், மன அமைதியும், வேறொன்றில் கவனம் வைப்பதும் அதைக் கொஞ்சம் சாத்தும். பிந்திய ஆய்வுகள் இந்த விளக்கத்தில் சிலவற்றைத் திருத்தின. ஆனாலும் மூளையால் வலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பது மாறவில்லை.

இது நமக்கும் தெரிந்ததுதான். பேசிச் சிரித்துக்கொண்டு கொழுந்து எடுக்கும்போது கையில் செடி கீறியது தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் "எப்ப கீறிச்சு?" என்று பார்க்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

1. ஒரு நாளைக்கு 5 நிமிடம் ஸ்தோப்பில் உட்காருங்க. மூச்சை மெதுவாக வெளியே விடுங்க. வலிக்காத ஓர் இடத்தில் கவனத்தை வையுங்க. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருக்கும் உள்ளங்கையின் சூடு போதும். மனசு வலிக்கே திரும்பினால் கோபப்படாமல் மறுபடி கூட்டி வாங்க.

2. கொஞ்சமாவது நடங்க. வலிக்குப் பயந்து படுத்தே இருந்தால் தசை பலம் குறைந்து வலி கூடும். சுகமான நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யவும் வேண்டாம். 10 நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்க.

3. ராத்திரி வீட்டார் "இன்னும் வலிக்குதா?" என்றே கேட்காமல், "இன்னைக்கு என்ன செய்ய முடிஞ்சது?" என்றும் கேளுங்க. பிள்ளைக்குத் தலை வாரியது, வாசலில் கீரை பறித்தது, எதுவானாலும் சொல்லட்டும்.

ஒரே நாளில் மாற்றம் தெரியாது. வலி முழுக்கப் போகும் என்றும் நாம் சொல்லவில்லை. வலி இருந்தும் அன்றைய நாள் நம் கையில் இருக்க இது உதவும்.

கவனம்!

"பொறுத்துக்கொள்" என்பதல்ல இந்தப் பாடம். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். வலி மாத்திரையைக் கேட்காமல் நாட்கணக்கில் விழுங்கவும் வேண்டாம். கூடைப் பாரம் உடம்பை வருத்தினால் அதை வாய்திறந்து சொல்லத்தான் வேண்டும். கால் மரத்துப் போதல், பலமின்மை, சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கோளாறு, காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு மெலிதல், விழுந்த பிறகு வந்த கடும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க. நெஞ்சு வலி என்றால் உடனே!

வீட்டில் பேசிப் பாருங்க: நம் வீட்டில் வலியோடு இருப்பவரிடம் கடைசியாக நாம் என்ன கேட்டோம்?