பால் பவுடர் டின்னும் மருந்தாளுநரின் கடமையும்

கூட்டுறவு மருந்தகங்களின் கணக்கைப் பரிசீலிக்கையில், விற்பனைத் தொகையை உயர்த்திக் காட்டும் சரக்குகளில் ஒன்றாகக் குழந்தைகளுக்கான பால் பவுடர் தென்படுவதுண்டு. விலை அதிகம், ஒருமுறை வாங்கியவர் திரும்பத் திரும்ப வருவார். வியாபார நோக்கில் நல்ல சரக்குதான். ஆயினும் அதைக் கூலிப் பணத்தில் வாங்கிச் செல்பவர் யார்? சங்கத்தில் பங்கு வைத்திருக்கும் நெசவாளியும் விவசாயியுமே. ஆகவே டின்னை எடுத்துக் கொடுக்குமுன் மருந்தாளுநர் கேட்க வேண்டியவை யாவை என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்குதல், 6 மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே தருதல், தண்ணீரோ தேனோ கிரைப் வாட்டரோ தராதிருத்தல்: இவை பலரும் கேட்டறிந்தவை. கடைக்கு வருபவர் கூறும் காரணம் வேறு. “பால் போதவில்லை” என்பார். அப்பொழுது மருந்தாளுநர் குழந்தையின் வயதையும், நாளொன்றுக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது என்பதையும், எடை ஏறிவருகிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும். ஒரு வாரம் கடந்த சிசு 24 மணி நேரத்தில் 6 முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவருமாயின் பால் போதுகிறது என்றே கொள்ளலாம். அழுகைக்குப் பசி ஒன்றே காரணமன்று. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். புட்டிப்பால் நுழைந்தால் சப்புவது குறைகிறது, சுரப்பும் குறைகிறது. பிறகு டின் இல்லாமல் முடியாது என்ற நிலை உண்மையாகவே வந்துவிடுகிறது. எடை ஏறாத குழந்தையையோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும் குழந்தையையோ அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டும்.

மருந்தாளுநர் மற்றெவரினும் நன்றாக உதவக்கூடிய இடம் ஒன்றுண்டு. காய்ச்சலுக்கு மாத்திரை உட்கொள்ளும் தாய், மருந்து பாலில் கலந்துவிடும் என்றஞ்சிப் பாலூட்டுவதையே நிறுத்திவிடுகிறாள். பெரும்பாலான மருந்துகளுக்கு இந்த அச்சம் தேவையில்லை. பாரசிட்டமால் உட்கொள்ளும் தாய் பாலூட்டலாம். கோடீன் கலந்த இருமல் மருந்தைத் தவிர்க்க வேண்டும். புற்றுநோய் மருந்துகள் போன்றவற்றிற்கு மருத்துவரின் முடிவே வேண்டும். “கைக்குழந்தை உண்டா?” என்று கேட்டபின் மருந்து கொடுப்பது சிறிய வேலைதான், செய்யும் கடைகளோ குறைவு.

வயல் வேலைக்குச் செல்லும் தாய், கை கழுவிப் பாலைக் கறந்து, சுத்தமான மூடிய பாத்திரத்தில் நிழலான இடத்தில் வைத்துச் செல்லலாம். நம் வெப்பத்தில் 4 மணி நேரத்திற்குள் அதைக் கொடுத்துவிடுதல் நல்லது. புட்டி வேண்டா; பாலாடைச் சங்கே போதும், கழுவுவதும் எளிது.

தாயை இழந்த குழந்தைக்கும், மருத்துவர் விதித்த குழந்தைக்கும் பால் பவுடர் தேவைப்படும். அவர்களிடம் முகம் சுளிப்பது தவறு. ஆனால் கலக்கும் முறையைச் சொல்லாமல் விற்பது அதனினும் பெரிய தவறு. ஒரு வாரத்து டின்னை இரண்டு வாரம் ஓட்ட வேண்டிப் பவுடரைக் குறைத்து நீரைக் கூட்டும் வழக்கம் ஏழைக் குடும்பங்களில் உண்டு. குழந்தையின் வயிறு நிறையும், உடல் தேறாது. டின்னிலுள்ள கரண்டியால், அதில் அச்சிட்ட அளவுப்படியே, கொதிக்கவைத்த நீர் நன்கு சூடாக இருக்கும்போதே கலந்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். மீந்ததை அடுத்த வேளைக்கு வைத்தலாகாது.

சட்டமும் இங்கு உண்டு. 1992-ஆம் ஆண்டில் இயற்றி 2003-இல் திருத்தப்பெற்ற மத்தியச் சட்டம், தாய்ப்பாலுக்கு மாற்றான பவுடர், பால்புட்டி, 2 வயது வரையிலான குழந்தை உணவு ஆகியவற்றின் விளம்பரத்தையும், இலவச மாதிரியையும், பரிசுப் பொருளையும் தடை செய்கிறது. விற்பனையை அது தடுக்கவில்லை. எனவே கம்பெனியின் அட்டையைக் கடையில் தொங்கவிடுதல் ஆகாது. இச்சரக்கின் விற்பனையைக் கொண்டு ஊழியரின் திறமையை நிர்வாகக் குழு மதிப்பிடுதலும் முறையன்று என்பது என் கருத்து.

6 மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு வேறு உணவும் அவசியம். இதற்கும் டின் தேடிக் கடைக்கு வருகிறார்கள். அங்கத்தினரின் வயலில் விளையும் கேழ்வரகும் பருப்பும் கீரையும், கிடைத்தால் முட்டையும் இருக்கையில் டின் எதற்கு? கரண்டியிலிருந்து வழிந்தோடும் கஞ்சியாக அன்றி, குழைய மசித்த கெட்டியான உணவாக, முதலில் இரண்டு மூன்று கரண்டி அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டிவர வேண்டும். தாய்ப்பாலை 2 வயதுக்கு மேலும் தொடரலாம்.