விடை கேட்கும் கடிதம்

செம்மேடு, கொல்லிமலை

அன்புள்ள கயல்விழிக்கு,

ஆடிப்பெருக்குக்கு இங்கே வர ஹாஸ்டலில் லீவ் லெட்டர் கொடுத்திருக்கிறாயாம். கிளம்புவதும் லீவ், விடுமுறையும் லீவ், அது எப்படி என்று அப்பாவைக் கேட்டாயாமே. நல்ல கேள்வி.

ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு சொற்கள். காலப்போக்கில் எழுத்தும் ஒலியும் ஒன்றாகிவிட்டன. வினைச்சொல்லுக்கு ஆதியில் ‘போ’ என்ற பொருளே இல்லை; மிச்சம் வை, இருக்க விடு என்பதுதான் பொருள். ஊரை இருந்த இடத்தில் விட்டுவிட்டு ஒருவன் நடக்கிறான் அல்லவா, அப்படித்தான் புறப்படுதல் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது.

உன் லெட்டரில் இருப்பது மற்றது. அதற்கு அனுமதி என்று பொருள். ‘லவ்’ அதற்குத் தூரத்துச் சொந்தம். ஒருவர் மனமுவந்து இசைவதுதான் அடிப்படை. விடுமுறைக்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் ‘உர்லௌப்’ அதே குடும்பம். அதுவும் ஒரு காலத்தில் புறப்பட அனுமதி என்றே பொருள்பட்டது. ஒலி ஒத்திருந்தாலும் ‘லீஃப்’ என்னும் மரத்து இலைக்கும் இவற்றுக்கும் உறவில்லை.

தமிழுக்கு ‘விடு’ என்ற ஒரே வேர் போதும். விட்டுப் போவதும் அதில்தான், போக விடுவதும் அதில்தான். விடுப்பு, விடுமுறை, விடுதலை, விடை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. எனக்கு மிகவும் பிடித்தது விடை. அதை நாமாக எடுத்துக்கொள்ள முடியாது; இன்னொருவர் கொடுத்துத்தான் பெறவேண்டும்.

நம் மலையின் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டின் துறைக்கே ‘பரிசில் விடை’ என்றுதான் பெயர். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துப் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. எய்தவன் யாரென்று தெரியாமலே பாணர்கள் பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் நாணுகிறான்; இறைச்சியும் மதுவும் பொன்னும் மணியும் தருகிறான். பரிசு கொடுத்து மனமார வழியனுப்புவதுதான் அங்கே விடை.

ஆகவே இனி வார்டனுக்கு எழுதும்போது ‘லீவ் போடுகிறேன்’ என்று எழுதாதே. காரணத்தையும் நாட்களையும் சொல்லிக் கேள். அந்தப் புறநானூற்றுப் பாட்டின் எண் 152. வரும்முன் படித்துவிடு; ஆடிப்பெருக்கையொட்டி இங்கே நடக்கும் ஓரி விழாவில் ஓரி சிலைக்கு முன்னால் நீதான் அதைச் சொல்லிக்காட்ட வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா