மாணவர் நடத்தும் இணையக் கடை

கேள்வி: பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு இணையத்தில் கடை நடத்தப் போவதாக என் மகனுடைய பள்ளியில் சொல்கிறார்கள். படிப்புக்குப் பங்கம் வராதா?
– ஒரு தகப்பனார், அம்பத்தூர்

பதில்: சிறிது வரும், ஆயினும் கிடைக்கும் பிரயோஜனத்தை நோக்க அது பெரிதன்று என்பதே என் அபிப்பிராயம். டில்லி அரசாங்கம் 2021-இல் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, தன் பள்ளிகளில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்குத் தலைக்கு 2,000 ரூபாய் மூலதனம் தந்து, கூட்டாக வியாபாரம் செய்து பார்க்கச் சொன்னது.

நம் பிள்ளைகள் துணிப்பை விற்பதானால், துணி, தையற்கூலி இவற்றோடு கூரியர் செலவும், விற்பனைத் தளத்தின் கமிஷனும், திரும்பி வரும் சரக்கின் நஷ்டமும் சேர்ந்தே அடக்கவிலை என்பதை, வணிகவியல் புத்தகம் எத்தனை அத்தியாயங்களில் விளக்கினாலும் விளங்காத தெளிவோடு உணர்வார்கள். சந்தேகமிருந்தால் உங்கள் தொழிற்பேட்டையிலுள்ள எந்தப் பட்டறை முதலாளியையும் கேளுங்கள்.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாதாகையால், கடைக் கணக்கு பெரியவர் ஒருவர் பெயரில் இருக்கட்டும். தின்பண்டமானால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் அவசியம். ஒன்று மட்டும் வேண்டாம்: பாசத்தினால் பெற்றோரே சரக்கு முழுவதையும் வாங்கித் தீர்த்துவிடாதீர்கள்.