எக்ஸ்ரே அறைக்கு யார் பொறுப்பு?

மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்த பெரியம்மா ஒருவரின் கையில் நெஞ்சு எக்ஸ்ரே படமும் அறிக்கையும் இருந்தன. காசநோயாக இருக்கலாம், சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அறிக்கை சொன்னது. விண்ணப்பங்களைப் பார்த்துத் தரும் நம் டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உம்மா, காறை எலும்புல பிளேட் வச்சது எப்போ?" என்று கேட்டார். அவர் விழித்தார். "எனக்கு எலும்பே முறிஞ்சதில்லையே வாப்பா" என்றார்.

படம் வேறொருவருடையது. அன்று காலை அந்த மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை வாசலில் இரண்டு ஃபாத்திமா பீவிகள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டதும் ஒருவர் எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டதும் மற்றவர் போனார். வரிசை மட்டும் மாறிவிட்டது. நம் பெரியம்மாவுக்கு நோய் இல்லை என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்த இன்னொரு ஃபாத்திமா பீவி, நெஞ்சில் நிழலோடு, 'ஒன்றுமில்லை' என்ற காகிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் மருத்துவமனைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் தேடிப் பிடிக்க நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் அவர் பேரப்பிள்ளைகளோடு ஒரே அறையில்தான் படுத்திருந்தார்.

இதைப் பற்றி எழுத இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர், அறக்கட்டளையின் மருந்தகத்துக்கு எக்ஸ்ரே கருவி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று முன்வந்தார். நிர்வாகக் குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எங்களுக்கும்தான். கருவி வந்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நினைத்தோம்.

இந்த இரண்டு விஷயத்தையும் எடுத்துக்கொண்டு, நம் கல்வி உதவியில் படித்து இன்று ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கும் சகோதரி ஒருவரிடம் போனோம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு பிற்பகல் உட்கார்ந்து அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டோம்.

ஃபாத்திமா பீவி கதையைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. "நீங்க ஃபாத்திமா பீவியான்னு கேட்டா, காது சரியா கேக்காதவங்களும் ஆமான்னுதான் சொல்வாங்க. உங்க பேர் என்னன்னு கேக்கணும். அவங்க வாயால சொல்லணும்" என்றார். பெயரோடு இன்னொரு அடையாளமும் கேட்டாக வேண்டும். பிறந்த தேதி கேட்பது உலக வழக்கம். நம் பெரியவர்களில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆதாரில் பார்த்தால் பாதிப் பேர் ஜனவரி 1-இல் பிறந்திருக்கிறார்கள்! அதனால் அவர் பிரிவில் மருத்துவமனை எண்ணையும், தந்தை அல்லது கணவர் பெயரையும் சேர்த்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார். முஹம்மது, அப்துல், ஃபாத்திமா, ஆயிஷா என்று ஊர் முழுக்க ஒரே பெயர்களை வைத்திருக்கும் நாம் இதை மற்றவர்களைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. "எத்தனை தடவைதான் கேப்பீங்க?" என்று அந்தப் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறவர்களும் நாம்தான்.

பொறுப்பாளர் என்றால் படம் எடுப்பவர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் கையால் படம் எடுப்பது குறைவு. காலையில் கருவிகள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்ப்பது, பகல் இரவு முறைப்பணிக்கு ஆள் பிரிப்பது, விபத்தில் அடிபட்டு வந்தவரை வரிசையில் முன்னே விடுவது, அதற்காகப் பின்னே காத்திருப்பவர்களிடம் திட்டு வாங்குவது, உரிமக் காகிதங்களைக் காலாவதியாகாமல் காப்பது எல்லாம் அவர் வேலை. நம் நாட்டில் எக்ஸ்ரே கருவி எதுவானாலும் 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியோடுதான் இயங்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது கருவியின் தரத்தைச் சோதித்துச் சான்று வைத்திருக்க வேண்டும்.

அவருடைய மேஜையில் ஒரு நோட்டு இருந்தது. திரும்ப எடுத்த படங்களின் கணக்கு. மூச்சை அடக்காதது, அசைந்தது, படுத்த வாகு சரியில்லாதது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருந்தார். திரும்ப எடுக்கும் ஒவ்வொரு படமும் நோயாளியின் உடலில் இன்னொரு முறை பாயும் கதிர். மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பாராம். ஒரு முறை பெண்களின் நெஞ்சுப் படங்கள் மட்டும் அதிகமாகத் திரும்ப எடுக்கப்பட்டிருப்பதைக் கவனித்தார். காரணம் என்னவென்று பார்த்தால் முக்காட்டு ஊசி, கழுத்துச் சங்கிலி, உள்ளே கட்டிய தாயத்து. வேலைக்குப் புதிதாக வந்த பையன் அவற்றைக் கழற்றச் சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே எடுத்திருக்கிறான். உலோகத் தகட்டுத் தாயத்து நுரையீரலுக்கு மேல் வெள்ளைக் கட்டியாக விழுந்திருக்கிறது.

பையனை அவர் திட்டவில்லை. திட்டினால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்டோம். "அடுத்த தடவை படத்தை அழிச்சிடுவான். கம்ப்யூட்டர்ல அழிக்கிறது சுலபம். அப்புறம் என் நோட்டுல எல்லாம் நல்லா இருக்கும், நோயாளிக்கு மட்டும் ரெண்டு தடவை கதிர் போயிருக்கும்" என்றார். அறையின் ஒரு மூலையில் திரை போட்டார். சுத்தமான அங்கிகளும் நகை போட ஒரு டப்பாவும் வைத்தார். பெண் நோயாளி வந்தால் கழற்ற வேண்டியதை ஒரு பெண் ஊழியர் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். கணக்கு இறங்கிவிட்டது. ஒரு நிர்வாகத்தை நடத்துகிறவர்கள் என்ற முறையில் எங்களுக்கு இந்த இடம் கொஞ்சம் சுட்டது. நம் அலுவலகத்தில் தவறு செய்தவர் வந்து சொல்லும்படி நாங்கள் நடந்துகொள்கிறோமா என்று திரும்பி வரும் வழியில் பேசிக்கொண்டோம்.

இன்னொன்று, தாய்மார்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. வயிறு, இடுப்புப் பகுதியில் எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுக்கும் முன், பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களிடம் கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது என்று கேட்க வேண்டும். கேட்கிறார்கள். எங்கே கேட்கிறார்கள்? இருபது பேர் உட்கார்ந்திருக்கும் நடையில், மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, கவுன்ட்டரில் இருக்கும் இளைஞர் உரக்கக் கேட்கிறார். நிக்காஹ் முடிந்து இரண்டு மாதமான பெண் என்ன பதில் சொல்வாள்? கல்யாணமாகாத பெண் வாய் திறப்பாளா? இல்லை என்று தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். கேட்டாயிற்று என்று படிவத்தில் டிக் விழுந்துவிடும். இந்தச் சகோதரி அதை மாற்றியிருக்கிறார்: கதவைச் சாத்திய பிறகு, உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு பெண் ஊழியர்தான் கேட்க வேண்டும். ஆகவே உங்கள் மகளுடனோ மருமகளுடனோ போகும்போது உங்களை வெளியே நிற்கச் சொன்னால் கோபப்படாதீர்கள். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே தேவையா, தள்ளிப்போடலாமா, கதிரே இல்லாத அல்ட்ராசவுண்ட் போதுமா என்று டாக்டர் முடிவு செய்வார். உயிருக்கு அவசரம் என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கதிர் என்றாலே பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் நம் மீது எப்போதும் கொஞ்சம் கதிர்வீச்சு படுகிறது. உலகச் சராசரி ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைப்பது அதிகமாகப் போனால் 0.1, அதாவது சுமார் இரண்டு வாரத்தில் இயற்கையாகவே வந்து சேர்வது. வயிற்று சி.டி. ஸ்கேன் அப்படியில்லை, சுமார் 8 வரை போகும். மூன்று ஆண்டுக்குரியது ஒரே நாளில். டாக்டர் எக்ஸ்ரே கேட்டால் மறுக்க வேண்டாம். அதே சமயம், "எதுக்கும் முழு உடம்பு ஸ்கேன் எழுதிக் குடுங்க டாக்டர்" என்று நாமாகக் கேட்க வேண்டாம். பழைய படங்களைப் பத்திரமாக வைத்து, போகும்போது எடுத்துப் போங்கள். பாதிப் பேருக்கு மறுபடி எடுக்க வேண்டி வருவது பழையது தொலைந்துபோனதால்தான் என்று அவர் வருத்தப்பட்டார்.

தினமும் அங்கேயே வேலை செய்கிறவர்கள் நிலை? நெஞ்சில் ஒரு சிறு பட்டை அணிந்திருப்பார்கள். டி.எல்.டி. பேட்ஜ் என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அனுப்பி அளவெடுக்கிறார்கள். ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஒரு தனி ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பேட்ஜை மேஜை அறைக்குள்ளேயே விட்டுவிடுவோரும், ஈய அங்கியோடு எக்ஸ்ரே அறையில் தொங்கவிட்டுப் போவோரும் உண்டு. முன்னதில் அளவு பொய்யாகக் குறையும், பின்னதில் பொய்யாகக் கூடும். ஈய அங்கியை மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விடும். பொறுப்பாளர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது இது மாதிரிச் சின்ன விஷயங்களைத்தான். ஐ.சி.யூ.வில் கட்டிலருகே படம் எடுக்கும்போது அடுத்த கட்டில்காரரோடு நிற்கும் நம்மவர்களை நகரச் சொன்னால், உடனே நகர வேண்டும். ஒரு மீட்டரில் இருந்தவர் இரண்டு மீட்டருக்குப் போனால் கதிர் கால் பங்காகிவிடும்.

எம்.ஆர்.ஐ. அறையில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. அங்கே ஆபத்து காந்தம். ஸ்கேன் ஓடாத நேரத்திலும், இரவிலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் உறவினரின் ஸ்கேனுக்கு உதவப் போன ஒருவர், ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே நுழைந்து, காந்தம் இழுத்து உயிரிழந்தார். வாசலில் தடுப்பவரிடம் வாதாடாதீர்கள்.

நோன்பு மாதத்தில் ஒரு செய்தி. சாய மருந்து ஊசி போட்டு சி.டி. எடுப்பவர்களுக்கு உடலில் நீர்ச்சத்து இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நோன்பு வைத்திருப்பதை, நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள்.

இந்தப் படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோர் நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். பி.எஸ்சி. ரேடியோகிராஃபி மூன்று ஆண்டு, அதன்மேல் ஓராண்டுப் பயிற்சி. ஆறு மாதத்தில் டெக்னீஷியன் ஆக்குகிறோம் என்று நோட்டீஸ் அடிக்கும் இடங்களுக்கு நம் கல்வி உதவி கிடையாது. துணை மருத்துவத் தொழில்களுக்கென்று 2021-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. தகுதி இல்லாதவர்களுக்கு இனி இடம் குறையும். பெண் பிள்ளைகள் இந்தத் துறைக்கு அதிகம் வர வேண்டும் என்பது எங்கள் விருப்பம். மனைவிக்கும் மகளுக்கும் பெண் ஊழியர்தான் படம் எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். நம் வீட்டுப் பெண்ணை இரவுப் பணிக்கு அனுப்பத் தயங்குகிறோம். இரண்டும் எப்படிச் சேரும்?

கடைசியாக அந்தக் கருவி விஷயம். சகோதரி நம் மருந்தகத்துக்கு நேரில் வந்து, நாங்கள் ஒதுக்கியிருந்த அறையைப் பார்த்தார். சுவரைத் தட்டினார். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். "இதுக்கு அந்தப் பக்கம் என்ன?" என்று கேட்டார். குர்ஆன் மதரஸாவின் சின்னப் பிள்ளைகள் தினமும் மாலை உட்காரும் அறை. பொதுவாக ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் ஈயத் தகடு பதித்த கதவும் கேட்பார்கள். அதோடு வாரியத்தின் அனுமதி, தகுதியுள்ள டெக்னாலஜிஸ்ட், அவர் விடுப்பில் போனால் மாற்று ஆள், அறிக்கை எழுத டாக்டர், இவ்வளவையும் சொல்லிவிட்டு, "கருவி கடைசியா வாங்க வேண்டியது, செயலாளர் அண்ணே" என்றார்.

நிர்வாகக் குழு கூடிப் பேசி, கருவியைத் தற்போது வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறது. நன்கொடையாளரிடம் விவரத்தைச் சொன்னோம். முதலில் அவருக்கு மனத்தாங்கல்தான். பிறகு, அதே பணத்தில் ஒரு பகுதியை ரேடியோகிராஃபி படிக்கும் இரண்டு மாணவிகளின் கட்டணத்துக்கும், மீதியை ஏழை நோயாளிகளின் ஸ்கேன் செலவுக்கும் ஒதுக்க ஒப்புக்கொண்டார்.

வரும் இரண்டாவது ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின், மதரஸா கூடத்தில் அந்தச் சகோதரி பெண்களுக்கெனத் தனியாக ஒரு மணி நேரம் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்வார். படிப்பு உதவி விண்ணப்பப் படிவமும் அங்கேயே கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகலும் குடும்ப அட்டை நகலும் கொண்டு வரவும்.